எனக்கு ஜீன் இல்லை என்று மைசூர்பாகு வாங்கிய கதை

2021 மார்கழி. காலை ஐந்தரை மணிக்கு வாசல் தெளித்துவிட்டுக் கோலம் போடக் குனிந்தேன். மாவை எடுக்கிறேன், பிடி நிற்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன. மாவு இழையாக விழாமல் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பனிக்குக் கை விறைத்திருக்கும் என்று நினைத்து, நாலு புள்ளி வைத்து ஒப்பேற்றிவிட்டு உள்ளே வந்தேன். பால் பாக்கெட்டைக் கத்தரிக்கவும் முடியவில்லை, பல்லால் கடித்துத்தான் திறந்தேன். ஆனால் பத்து மணிக்கு ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது கை பழையபடி இருந்தது. முடக்குவாதம் என்ற இந்த மூட்டு நோய் நம்மை ஏமாற்றுவது இப்படித்தான். விடியும்போது கை கட்டிப்போட்டது போல இருக்கும், வெயில் ஏறினால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அடுத்தவர் நம்பாதது இருக்கட்டும், பத்து மணிக்கு மேல் நமக்கே நம் வலியின் மேல் சந்தேகம் வந்துவிடும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அப்போது வயது முப்பத்தைந்து. என் அம்மாவுக்குச் சரவாங்கி உண்டு. டாக்டர்கள் முடக்குவாதம் என்பார்கள், சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதுவார்கள். எங்கள் காங்கயம் பக்கத்துப் பாட்டிகளுக்கு அது சரவாங்கிதான். 1999-ல் அம்மாவுக்கு வந்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். தினமும் இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டிவிட்ட விரல்கள், அடுத்த வருடம் ரிப்பனுக்கு முடிச்சுப் போட முடியாமல் நின்றன. அவருக்குக் கிடைத்ததெல்லாம் வலி ஊசி, தைலம், பத்தியம். மூட்டைக் காப்பாற்றும் மாத்திரை ஒன்று இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது அவர் விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவார். அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, கோலமாவு நழுவிய அன்றே விஷயம் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். புரிந்தும் பதினான்கு மாதத்தைத் தொலைத்தேன்.

தை பிறந்தும் விறைப்பு போகவில்லை. வழக்கமாகப் போகும் டாக்டரிடம் போனேன். யூரிக் ஆசிட், கால்சியம், வைட்டமின் டி, வாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் எல்லாம் எழுதினார். வைட்டமின் டி குறைவு, ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ். "வாதமெல்லாம் இல்லைங்க, சத்துக் குறைவுதான்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் யாருக்காவது மூட்டு நோய் உண்டா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம்தான். டாக்டர் முன்னால் உட்கார்ந்து முதலில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் "என் அம்மாவுக்கு முடக்குவாதம்" என்பது. அதற்குக் காசு கிடையாது, ஊசி குத்த வேண்டியதில்லை. அதை முழுங்கிவிட்டு வைட்டமின் மாத்திரையோடு வந்தேன். ஆர்ஏ ஃபேக்டரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடக்குவாதம் உள்ளவர்களிலேயே நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு அது நெகட்டிவாக வரும். காசநோய், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி, வெறும் முதுமை என்று வேறு பல காரணத்துக்குப் பாசிட்டிவாகவும் வரும். அந்த ஒரு வரியை மட்டும் வைத்து உண்டு, இல்லை என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கூடவே ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். எனக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அப்புறம் தெருவே எனக்கு வைத்தியம் பார்த்தது. எப்போதோ வந்த சிக்குன்குன்யாவின் மிச்சம் என்றார் எதிர் வீட்டு அக்கா. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலிப்பது உண்மைதான், ஆனால் எனக்குக் காய்ச்சலே வரவில்லை. முடக்கத்தான் கீரை எல்லோரும் சொன்ன ஒன்று. முடக்கை அறுப்பதால்தான் அந்தப் பெயர் என்று விளக்கமும் சேர்த்துச் சொல்வார்கள். தோசையில் அரைத்து ஊற்றி இரண்டு மாதம் சாப்பிட்டேன். தோசை நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் வாக்கில் தூக்கம் கெட்டுப் போய், ராத்திரியில் போனைத் தடவிக்கொண்டு படுத்திருப்பேன். முடக்குவாதம் பரம்பரையாக வருமா என்று தேடினேன். எச்எல்ஏ என்று ஒரு ஜீன் இருக்கிறது, அதனால் வருகிறது என்று எங்கோ படித்தேன். பிடித்துக்கொண்டேன். அந்த ஜீன் எனக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிட்டால் போதும், அம்மாவின் கை எனக்கு வருமா வராதா என்று தெரிந்துவிடும். ஒரு சனிக்கிழமை டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல் நானே கோயம்புத்தூரில் ஒரு லேபுக்குப் போய் "எச்எல்ஏ ஜீன் டெஸ்ட்" என்றேன். கவுன்டரில் இருந்த பெண் "பி27-ங்களா மேடம்?" என்று கேட்டாள். அதுவாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினேன். 3,200 ரூபாய். அடுத்த வாரம் ரிப்போர்ட் போனுக்கு வந்தது: நெகட்டிவ்.

அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். வீட்டுக்காரரிடமும் மகளிடமும் "எனக்கு அந்த ஜீன் இல்லை" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தேன். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் அந்தப் பக்கம் அழுதார். ஜீன் இல்லை என்றால் நோயும் இல்லை, அப்படியானால் இது வேலைக் களைப்பு, டைப் அடிப்பதால் வரும் வலி. இந்த நம்பிக்கையிலேயே ஐந்து மாதம் ஓட்டினேன், வலி மாத்திரை உதவியோடு. ஆனால் பி27 என்பது வேறு நோய்க்கான அடையாளம். முதுகுத்தண்டைப் பிடித்து இறுக்கும் அங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் என்ற வாதம் இருக்கிறது, பெரும்பாலும் இளவயதில் தொடங்கும், அதற்காகச் செய்யும் பரிசோதனை அது. எனக்கிருந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பின்னால் என் வாதநோய் டாக்டர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எச்எல்ஏ பெரிய கூட்டுக் குடும்பம்மா. நீங்க பெரியப்பா வீட்டைத் தேடிப் போய்ச் சித்தப்பா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கீங்க."

ஆயுதபூஜைக்குள் இரண்டு கையிலும் விரல் தொடங்கும் கணுக்கள் வீங்கிவிட்டன. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் பாதத்துக்கு அடியில் கூழாங்கல் பரப்பியது போல இருக்கும். ஸ்கூட்டர் பிரேக்கை அமுக்க முடியாமல் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். எலும்பு டாக்டர்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவர் கழுத்து எலும்பு தேய்மானம் என்று பட்டை மாட்டினார், இன்னொருவர் மணிக்கட்டு நரம்பு அமுங்கியிருக்கிறது என்றார். எலும்பு முறிவும் தேய்மானமும் அவர்கள் தொழில். இது எலும்பில் தொடங்கும் நோயே இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி வழிதவறிப் போய் மூட்டின் உள்ளுறையைத் தாக்குவது. இதற்கென்று ருமட்டாலஜிஸ்ட் என்று தனிப் படிப்புப் படித்த டாக்டர் இருக்கிறார் என்பது, அம்மாவோடு இருபது வருடத்துக்கு மேல் இந்த நோயைப் பார்த்த எனக்கே தெரியாது.

இடையில் ஒரு தெரிந்தவர் சொன்னார் என்று, பக்கத்து ஊரில் ஒருவரிடம் பொடி வாங்கிச் சாப்பிட்டேன். பெயர் ஒட்டாத வெள்ளைக் காகிதப் பொட்டலம், மாதம் 1,800 ரூபாய். மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது. துணியைப் பிழிந்தேன், தேங்காய் துருவினேன், ஊரெல்லாம் அவர் புகழைப் பாடினேன். நாலு மாதத்தில் முகம் பூரி போல உப்பி, சர்க்கரை எல்லையைத் தொட்டது. பயந்து நிறுத்தியதும் வலி வட்டியோடு திரும்பி வந்தது, எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று பிறகு டாக்டர் சொன்னார். சித்த மருத்துவத்தையோ ஆயுர்வேதத்தையோ குறை சொல்ல நான் வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காத எதையும் வாயில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மூன்று நாளில் மாயமாக வலி போனால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், அதற்கு டாக்டர் வேண்டும்.

பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் எச்சில் பரிசோதனையும் நடந்தது. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் எந்தெந்த நோய் வரும் என்று சொல்வார்களாம். 13,500 ரூபாய். பி27 இல்லை என்று தெரிந்தும் பொடிக்கு முன்பு வரை வலி போகாமல் இருந்ததால் மனம் மறுபடி ஜீனுக்கே ஓடியது. நாற்பத்தாறு பக்கம் வந்தது, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு ஸ்பைரல் செய்து வாங்கினேன். முடக்குவாதத்துக்கு ஒரு பக்கம்: பிடிபிஎன்22 என்ற ஜீனில் குறிப்பிட்ட மாற்றம் இல்லை, ஆகவே ஆபத்து சராசரி. மறுபடியும் நிம்மதி, மறுபடியும் இரண்டு மாதம். அந்த மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் பரவலாக இருக்கிறது, ஆசியாவில் அபூர்வம் என்பது பிறகுதான் தெரிந்தது. நம் ஆட்களில் பெரும்பாலோரிடம் எப்படியும் இருக்காத ஒன்றைத் தேடிப் பார்த்து, இல்லை என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். திருப்பூரில் பனி கொட்டியதா என்று பார்த்துவிட்டுக் குளிர்காலம் வரவில்லை என்பது மாதிரி. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அது எந்த வகையிலும் உதவவில்லை.

கடைசியில் வழி காட்டியவர் ஒரு பல் டாக்டர். 2023 ஜனவரியில் ஈறில் ரத்தம் வருகிறது என்று போனேன். பாரத்தில் பேர் எழுதப் பேனாவைப் பிடிக்க முடியாமல் நான் தடுமாறியதை அவர் பார்த்துவிட்டார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கும் என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் என்றேன். வீட்டில் யாருக்காவது உண்டா? முதல்முறையாகச் சொன்னேன்: அம்மாவுக்கு. "எலும்பு டாக்டர்கிட்ட போகாதீங்கம்மா, ருமட்டாலஜிஸ்ட்கிட்ட போங்க" என்று ஒரு சீட்டில் எழுதியே கொடுத்தார். ஈறு நோய்க்கும் இந்த வாதத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன என்றும் சொன்னார். வாய்க்காகக் கட்டிய முந்நூறு ரூபாயில் கைக்கு வைத்தியம் கிடைத்தது.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மூன்று வாரம் ஆனது. கோயம்புத்தூரில் அந்த டாக்டர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. கையை நீட்டச் சொல்லி, விரல்கள் தொடங்கும் கணு வரிசையைப் பக்கவாட்டில் சேர்த்து லேசாக அமுக்கினார். கத்திவிட்டேன். யாராவது கை குலுக்கும்போது அந்த இடத்தில் உயிர் போகிற மாதிரி வலித்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாதாம். தேய்மான வாதம் பெரும்பாலும் நகத்தை ஒட்டிய கணுவைப் பிடிக்கும். முடக்குவாதம் அதை விட்டுவிட்டு விரல் தொடங்கும் கணு, நடுக் கணு, மணிக்கட்டு, பாதம் என்று பிடிக்கும், அதுவும் அநேகமாக இரண்டு பக்கமும். காலை விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரத்தைத் தாண்டும். சிறு மூட்டுகளில் வீக்கம் ஆறு வாரம் நீடித்தாலே இந்த டாக்டரிடம் வந்துவிட வேண்டும், முதல் மூன்று மாதத்தில் மருந்தைத் தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம் என்றார். நான் போனது பதினான்காவது மாதம். ஆன்டி சிசிபி 20-க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 200-ஐத் தாண்டியிருந்தது. அந்தப் பரிசோதனைக்கு ஆன செலவு 1,400 ரூபாய். எக்ஸ்ரேயில் வலது கை ஆள்காட்டி விரல் கணுவின் ஓரத்தில் எலி கடித்தது போல ஒரு பள்ளம். "இது எலும்பு அரிச்சுப் போன இடம். போன எலும்பு திரும்ப வராது, இதுக்கு மேல போகாம பார்த்துக்கலாம்" என்றார். அந்தப் பள்ளத்தின் மேல்தான் எனக்கு இன்றுவரை கோபம். வலியையாவது மறக்கலாம். அது எனக்கே எனக்காக நான் தோண்டிக்கொண்ட குழி.

ஜீன் ரிப்போர்ட்டுகளை வெட்கத்தோடு எடுத்து நீட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். மாறாகப் பொறுமையாக விளக்கினார். பிறகு வீட்டில் உட்கார்ந்து நானும் நிறையப் படித்தேன், இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆறாவது குரோமோசோமில் இருக்கும் எச்எல்ஏ குடும்பத்தில் டிஆர்பி1 என்ற ஜீன்தான் இந்த நோய்க்கு மிக நெருங்கிய உறவு. அது செய்வது ஒரு தட்டு. உடம்பின் காவல் செல்கள் கண்ணில் பட்ட புரதத் துணுக்குகளை அந்தத் தட்டில் வைத்து மற்றக் காவலர்களிடம் "இது நம்ம ஆளா, வெளி ஆளா?" என்று காட்டும். சிலருக்கு அந்தத் தட்டில் 70 முதல் 74 வரையிலான இடங்களில் அமினோ அமிலங்கள் என்ற புரதக் கண்ணிகள் ஒரே சாயலில் அமைந்திருக்கின்றன. 1987-ல் பீட்டர் கிரெகர்சனும் கூட்டாளிகளும் இதைக் கவனித்து எழுதினார்கள். அந்தச் சாயல் உள்ள தட்டில், ஓர் அமினோ அமிலம் சிட்ருலினாக மாறிப்போன நம் சொந்தப் புரதங்கள் ஒட்டிக்கொண்டு வெளி ஆள் போலத் தெரிகின்றன. அந்தப் புரதத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத்தான் ஆன்டி சிசிபியில் அளக்கிறார்கள். நோய் வெளியே தெரிவதற்குச் சில வருடம் முன்பே கூட அது ரத்தத்தில் வந்துவிடலாம். தட்டிலும் ஊருக்கு ஊர் வகை உண்டு. ஐரோப்பியரிடம் 04:01, ஜப்பான் கொரியா பக்கம் 04:05, நம் நாட்டு நோயாளிகளிடம் 10:01 என்று வேறுபடும்.

சரி, அந்தத் தட்டு இருந்தால் நோய் வந்துதான் தீருமா? இந்தக் கேள்விக்குத்தான் நான் 16,700 ரூபாய் செலவழித்திருந்தேன். டாக்டர் இரட்டையரைப் பற்றிச் சொன்னார். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு ஜீன் எல்லாமே ஒன்று. அவர்களில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரைதான் என்று பிரிட்டனிலும் பின்லாந்திலும் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜீன் முழுக்க ஒன்றாக இருந்தும் எண்பத்தைந்து பேர் தப்பிக்கிறார்கள். அந்தத் தட்டு உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆயுசு முழுக்க இந்த நோயைப் பார்ப்பதே இல்லை. தட்டு இல்லாத சிலருக்கு நோய் வருகிறது. டிஆர்பி1 ஒன்றோடும் கதை முடியவில்லை. 2014-ல் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து, நோயோடு தொடர்புள்ள 101 இடங்களை நம் மரபணுத் தொகுப்பில் குறித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி மண், அவ்வளவுதான். அதனால்தான் நோயைக் கண்டுபிடிக்கவோ முன்கூட்டிச் சொல்லவோ இந்த ஜீன் பரிசோதனையை டாக்டர்கள் வழக்கமாக எழுதுவதில்லை. பாசிட்டிவ் என்று வந்திருந்தால் காரணமில்லாமல் நடுங்கியிருப்பேன். நெகட்டிவ் என்று வந்ததால் காரணமில்லாமல் ஆடினேன்.

ஜீனை மாற்ற முடியாது, அதோடு சேர்ந்து வேலை செய்யும் மற்றதை மாற்றலாம் என்றார். அதில் முதலிடம் புகைக்கு. நுரையீரலில் அந்தச் சிட்ருலின் மாற்றத்தைப் புகை தூண்டிவிடுகிறது. சுவீடனில் செய்து 2006-ல் வெளியான ஆய்வொன்றில், அந்தத் தட்டை அப்பா வழி அம்மா வழி இரண்டிலும் பெற்று, புகையும் பிடித்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட ஆன்டி சிசிபி வகை நோய் வரும் ஆபத்து 21 மடங்கு. ஈறில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவும் அதே மாற்றத்தைச் செய்யக்கூடியது, பல் டாக்டர் சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது. நான் புகை பிடித்தவள் இல்லை, எனக்கு ஏன் வந்தது என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் காரணம் காட்ட முடியாதும்மா என்றார். ஆனால் என் தம்பி பிடிக்கிறான். அவனும் அதே அம்மா வயிற்றுப் பிள்ளை. அன்று சாயங்காலமே போன் செய்து அந்த 21-ஐச் சொன்னேன். மூன்றாகக் குறைத்துவிட்டேன் என்கிறான். அவன் சட்டைப் பை வேறு சொல்கிறது.

மருந்து மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: வாரம் ஒருமுறை. தினமும் போட்டுக்கொண்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள். நான் அட்டையின் மேல் பெரிய எழுத்தில் "ஞாயிறு" என்று எழுதி வைத்திருக்கிறேன், வீட்டில் இருக்கும் மற்ற இருவருக்கும் சொல்லியும் வைத்திருக்கிறேன். அதோடு ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்சிக்ளோரோக்வின். பின்னதுக்குக் கண் விழித்திரையை முதலிலும் பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டுக்கு ரத்த அணுக்களும் கல்லீரலும் சரியாக இருக்கின்றனவா என்று இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கர்ப்பத்தில் இந்த மாத்திரை கூடவே கூடாது. திங்கட்கிழமைகளில் எனக்குக் குமட்டும், எலுமிச்சங்காய் ஊறுகாயும் தயிர்ச்சோறும்தான் அன்றைய சாப்பாடு. உடனே பலனை எதிர்பார்க்காதீர்கள். பொடி மூன்று நாளில் செய்ததை இது செய்ய எட்டு வாரம் பிடித்தது. ஐந்தாவது வாரத்தில் விட்டுவிடலாமா என்று அழுதேன். எட்டாவது வாரம் ஒரு காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரித்த பிறகுதான் கத்தரித்தேன் என்பதே உறைத்தது.

தனியாரிடம் இப்போது மாதம் 1,100 ரூபாய்க்குள் மாத்திரை முடிகிறது, ரத்தப் பரிசோதனை தனி. அதுவும் முடியாதவர்களுக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்க்கென்றே தனித் துறை உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டும்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மைசூர்பாகு நாளில் போன் செய்தவள், இதற்குப் போன் செய்ய இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் நேரில் போனேன். அவர் என் கையை எடுத்துத் தன் சாய்ந்த விரல்களுக்குள் வைத்துக்கொண்டு, "சொத்து சுகம் குடுக்க வக்கில்ல, இதக் குடுத்துட்டனே அம்மிணி" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் அவர் மேல் இல்லை. உனக்கு யார் கொடுத்தது, ஆத்தாவுக்கு இருந்ததா என்று கேட்டேன். இல்லை. தம்பிக்கும் நீதானே ஜீன் கொடுத்தாய், அவனுக்கு வந்ததா? இல்லை. டாக்டர் சொன்ன இரட்டையர் கணக்கைச் சொன்னேன். அவர் கணக்கைக் கேட்கவில்லை, என் கணுவைத்தான் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் அந்த ஞாயித்துக்கிழமை மாத்திர குடுப்பாங்களா?" என்று கேட்டார். இப்போது அம்மாவும் அதே டாக்டரிடம் வருகிறார். விரல் நிமிராது, வீக்கம் குறைந்திருக்கிறது. அறுபது வயதுக்கு மேல் போய் என்ன என்று நினைத்து இதை நாங்கள் செய்யாமல் விட்டிருப்போம்.

என் மகளுக்கு இப்போது பதினைந்து. மாமியார் ரகசியமாக என்னிடம், "இத வெளிய சொல்லிக்காத கண்ணு, நாளைக்குப் புள்ளைக்கு வரன் பாக்கோணும்" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் அம்மாவின் நோயை நான் வாயை மூடி மறைத்ததால்தான் எனக்கு அந்தப் பள்ளம். மகளுக்கு ஜீன் பார்க்கலாமா, ஆன்டி சிசிபி பார்க்கலாமா, முன்கூட்டியே ஏதாவது ஊசி உண்டா என்று டாக்டரைக் குடைந்தேன். அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு எதுவும் தேவையில்லை என்றார். ஆன்டி சிசிபியும் மூட்டு வலியும் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அபடாசெப்ட் என்ற ஊசியைப் போட்டு நோயைத் தள்ளிப்போட முடிகிறதா என்று பார்த்த இரண்டு ஆய்வுகள் 2024-ல் வந்திருக்கின்றன. போடும்வரை தள்ளிப்போகிறது, நிறுத்திய பிறகு அந்தப் பலன் மெல்லக் குறைகிறது. அது என் மகளுக்கானது இல்லை. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வரும் நோய் இது. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் ஆபத்து மூன்று மடங்கு என்று வைத்தாலும் நூற்றில் இரண்டு மூன்று பேர். மிச்சமுள்ளவர்களில் அவளும் ஒருத்தியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவளிடம் இரண்டே விஷயம் சொல்லியிருக்கிறேன். பல்லை ஒழுங்காகத் துலக்கு. என்றைக்காவது காலையில் கை மடங்கவில்லை என்றால், ஆறு வாரம் நீடித்தால், டாக்டரிடம் முதல் வார்த்தையாகப் பாட்டியையும் அம்மாவையும் சொல்.

கணக்குப் பார்ப்பவள் என்பதால் கணக்கையும் எழுதிவிடுகிறேன். டாக்டர் ஃபீஸ் 6,500. முதல் சுற்று ரத்தம், எக்ஸ்ரே 5,200. பி27 3,200. எச்சில் 13,500. பொடி 7,200. வலி மாத்திரை, அது வயிற்றைப் புண்ணாக்கியதால் எண்டோஸ்கோபி, அதற்கான மாத்திரை 9,000. மொத்தம் 44,600 ரூபாய், சம்பளமில்லாத லீவு இருபத்திரண்டு நாள் தனி. இன்ஷூரன்சில் ஒரு பைசா வரவில்லை; நான் எடுத்திருந்தது ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் கொடுக்கும் பாலிசி, இந்த நோயோ நடந்து போய் நடந்து வரும் செலவு. ஸ்பைரல் போட்ட அந்த நாற்பத்தாறு பக்கமும் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது. பின்பக்கத்தில் மகள் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். பிடிபிஎன்22 பக்கத்துக்குப் பின்னால் போன வாரம் நிகழ்தகவு போட்டுக்கொண்டிருந்தாள்.